எதற்கு என்று கேட்டு விற்போம்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். இது வாங்குகிறவருக்கு மட்டும் சொன்னதல்ல, விற்கிற நமக்கும் பொருந்தும். நம் தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஒரு சரக்கை வைத்து இதைப் பார்ப்போம். அந்தச் சரக்கு, வேட்டை ரைபிளின் மேல் பொருத்தும் 'ஸ்கோப்' எனும் தொலைநோக்கி.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டன. ஆகவே நம்மில் எவரும் இந்தச் சரக்கை விற்கப் போவதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல மாநிலங்களில் பருவகாலத்தில் அணில், முயல் வேட்டைக்கு உரிமம் தருகிறார்கள். அந்த ஊர் சாம்பல் அணில் அரைக்கிலோ எடை இருக்கும். நம் வீட்டு மரத்து அணில் போன்றதல்ல. கிராமப்புறத்து இரும்புக் கடையிலும் பல்பொருள் கடையிலும் சாமான்களோடு தோட்டாவும் விற்பது அந்நாட்டில் பழைய வழக்கம். அந்த வகையில் அக்கடைக்காரரும் நம்மவர்தான்.

சிறிய ரைபிளும் பெரிய ஆசையும்

இந்த வேட்டைக்குப் பலரும் எடுத்துச் செல்வது பாயிண்ட் 22 ரைபிள். இதற்குரிய 'லாங் ரைபிள்' தோட்டா 1887-இல் வந்து, இன்றும் விற்பனையில் இருக்கிறது. குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம்தான். 50 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 100 கஜத்தில் குண்டு சுமார் ஆறு அங்குலம் தாழ்ந்து விழும். அணிலின் தலையோ ஒன்றரை அங்குலம் இருந்தால் அதிகம். ஆகவே இது 50, 60 கஜத்துக்குள் வேலை செய்கிற கருவி.

ஆனால் வாங்க வருகிறவர் என்ன கேட்கிறார்? "பெரிதாகக் காட்டுவது எது?" என்கிறார். கடைக்காரருக்கும் அதுதான் ஆதாயம். விலை கூடிய சரக்கை எடுத்துக் கொடுத்துக் கல்லாவை மூடிவிடலாம். நல்ல வியாபாரி அப்படிச் செய்வதில்லை. முதலில் மூன்று கேள்விகள் கேட்கிறார்.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள்? 4 மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப்பில் தெரிகிற இடத்தின் அகலத்தில், 9 மடங்கு வைத்தால் ஏறத்தாழப் பாதிதான் தெரியும். கிளைக்குக் கிளை தாவும் அணிலைச் சிறிய வட்டத்துக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது மறைந்துவிடும். கை நடுக்கமும் 9 மடங்காகத் தெரியும். காட்டு வேட்டைக்கு 4 மடங்கு போதும். கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டுமானால் 2 முதல் 7 வரை உள்ளது தாராளம்.

இரண்டாம் கேள்வி: எந்த நேரத்தில் போவீர்கள்? அணில் அதிகம் நடமாடுவது விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 32 மில்லிமீட்டர் கண்ணாடியில் 4 மடங்கு என்றால் 8 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் கண்ணாடியில் 9 மடங்கு என்றால் நாலரைகூட வராது. மங்கிய நேரத்தில் சிறியதே வெளிச்சமாகக் காட்டுகிறது. விலை மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது.

மூன்றாம் கேள்வி: எந்தத் துப்பாக்கியில் மாட்டப் போகிறீர்கள்? பாயிண்ட் 22 ரைபிள்கள் பலவற்றின் மேல்பகுதியில் குறுகிய பள்ளம் வெட்டியிருக்கும். அதற்கேற்ற வளையம் கொடுக்காவிட்டால் வாங்கியவர் மறுநாளே திரும்பி வருவார். ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கி என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது பின்னும் முன்னுமாக இருமுறை உதறும். பெரிய ரைபிளின் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த உதறலில் உள்ளே கழன்றுபோவது உண்டு.

தராசு முள் சொல்லும் பாடம்

இவை எல்லாவற்றையும்விட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. முள் தராசை நேராகப் பார்த்தால் ஒரு எடை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேறு எடை காட்டும் அல்லவா? ஸ்கோப்பிலும் இதே சங்கடம் உண்டு. கண் நடுவை விட்டு விலகினால் குறுக்குக் கோடும் இலக்கை விட்டு விலகும். குறிப்பிட்ட ஒரு தூரத்தில் இந்தப் பிசகு வராதபடி செய்து அனுப்புகிறார்கள். பெரிய ரைபிளுக்கானதில் அந்தத் தூரம் பெரும்பாலும் 100 அல்லது 150 கஜம்; பாயிண்ட் 22-க்கென்றே செய்ததில் 50 அல்லது 60 கஜம். இரண்டும் அலமாரியில் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிந்தவர் கடைக்காரர் ஒருவர்தான்.

அவர் சொல்லாமல் விட்டால் கெடுவது குறி மட்டுமல்ல. பிசகிப் பட்ட குண்டால் ஒரு வாயில்லா ஜீவன் பொந்துக்குள் கிடந்து வதைபட்டுச் சாகும். இன்னொன்றும் உண்டு. புதருக்குள் அசைவது என்னவென்று ஸ்கோப் வழியாகப் பார்க்கிறவர், துப்பாக்கியையே அதன் மேல் நீட்டுகிறார். அங்கே நிற்பது மனிதனாக இருந்தால்? அதனால்தான் தேடிப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளும்படி நல்ல கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார்.

நம் கடைக்கு வருவோம்

நம் மேஜை மேல் இருக்கும் எலக்ட்ரானிக் தராசையே எடுத்துக்கொள்வோம். 30 கிலோ வரை நிறுக்கும், 5 கிராம் பிரிவுள்ள தராசு பல கடைகளில் இருக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் அது சரி. அதன் தகட்டில் குறைந்தபட்ச எடை 100 கிராம் என்று குறித்திருக்கும். அதே தராசில் 10 கிராம் ஏலக்காயும் 25 கிராம் கிராம்பும் நிறுத்தால் எடை எப்படிச் சரியாக இருக்கும்? கூடினால் நமக்கு நஷ்டம். குறைந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம், நமக்குப் பழி. சிறு எடைக்குச் சிறு தராசு தனியாக வேண்டும். பெரிதாக ஒன்று வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது ஸ்கோப்பிலும் தப்பு, தராசிலும் தப்பு.

சரக்கு விற்பதும் இப்படித்தான். அரிசி கேட்டால் இட்லிக்கா, சாப்பாட்டுக்கா, பிரியாணிக்கா என்று கேட்க வேண்டும். மிளகாய் கேட்டால் தாளிக்கவா, தூள் அரைக்கவா என்று கேட்க வேண்டும். பெரிய அங்காடியின் அடுக்கும் கேட்காது, செல்போனில் ஆர்டர் எடுக்கும் கம்பெனியும் கேட்காது. விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட நம்மால் எப்போதும் முடிவதில்லை. "எதற்கு?" என்ற ஒரு சொல் மட்டும் நம்மிடம் மிச்சம் இருக்கிறது. அதற்கு முதலீடு வேண்டாம், ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

குறைந்த விலைச் சரக்கே போதும் என்று சொல்லி அனுப்பினால் இன்றைய லாபத்தில் சில ரூபாய் குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த மாதமும் நம் படியேறி வருவார். கடையில் நிற்கும் பையன்களுக்கும் இதைப் பழக்குவோம்.