மொழியைக் கற்றபின் திறக்க வேண்டிய நூல்

கல்விக்கடன் பெற்ற மாணவர் வேலையில் அமர்ந்து முதல் தவணையைச் செலுத்தும் நாள், கிளையில் பணிபுரியும் நமக்கும் மகிழ்ச்சி தரும் நாளாகும். திருவனந்தபுரத்தில் அத்தகைய நாள்களுக்குக் குறைவில்லை. கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு டெக்னோபார்க் நிறுவப்பட்ட பிறகு, எல்லைக்கு அப்பாலுள்ள நாஞ்சில் நாட்டு இளைஞர்களும் மென்பொருள் பணியை நாடி இந்நகருக்கு வருகின்றனர்.

அவ்வாறு வந்த இளைஞர் ஒருவர், அண்மையில் தம் தாயாருடன் நம் கிளைக்கு வந்திருந்தார். தவணையைச் செலுத்தியபின் தாயார் நம்மிடம் முறையிட்டார்: “பட்டம் வாங்கியாச்சு, வேலையும் கிடைச்சாச்சு. இன்னும் எதுக்கு சார் விலை கொடுத்துப் புத்தகம்? அந்தப் பணத்தைக் கடன்ல கட்டலாமே?” மகன் வாங்க விரும்பியது ஜாவா மொழியைப் பற்றிய உயர்நிலை நூல் ஒன்று. தாயாரின் கேள்வி நியாயமானதே. மகன் சொன்ன விடையோ, வணிகவியல் பட்டதாரியான நம்மையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் உருவாகி, 1995ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்ட ஜாவா, பொருள்நோக்கு நிரலாக்க மொழிகளுள் ஒன்று. இவ்வகை மொழியில் தரவும் அதன்மீது செய்யத்தக்க செயல்களும் ஒரே ‘பொருளாக’ அமைகின்றன. வங்கிக் கணக்கை ஒரு பொருளாகக் கொண்டால், அதன் இருப்புத்தொகையை எவரும் நேரடியாகத் திருத்த இயலாதவாறு அமைக்கலாம். வரவு, பற்று என்னும் செயல்களின் வழியாகவே அது மாறும். பேரேட்டைக் கண்ட எவருக்கும் இது எளிதில் விளங்கும்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞர் கல்லூரியிலேயே கற்றிருந்தார். ஆயினும் பணியில் சேர்ந்த சில மாதங்களில், அவர் எழுதிய வட்டிக் கணக்கு நிரலில் ஒரு பைசா வேறுபாடு தோன்றியது. இரண்டு நாள் தேடியும் காரணம் புலப்படவில்லை. மூத்த பணியாளர் ஒருவர் ஒரு நூலின் சில பக்கங்களைப் படிக்கச் சொன்னார். ஜோஷுவா பிளாக் எழுதிய ‘எஃபெக்டிவ் ஜாவா’ என்பது அந்நூல். துல்லியமான விடை வேண்டிய இடங்களில் ‘டபுள்’ போன்ற மிதவைப்புள்ளி எண்களைத் தவிர்க்குமாறு அது அறிவுறுத்துகிறது.

காரணம் எளியது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் எழுதினால் 0.333 என முடிவின்றி நீள்கிறது. அதுபோலவே, இரும எண்களால் இயங்கும் கணினியால் பத்தில் ஒரு பங்கை முழுமையாகக் குறிக்க இயலாது. 1.005 ரூபாயை டபுளாகச் சேமித்தால், அது உண்மையில் மிகச் சிறிதளவு குறைவாகவே பதிவாகும். பைசாவுக்கு முழுமையாக்கும்போது 1.01 வர வேண்டிய இடத்தில் 1.00 வந்துவிடும். ‘பிக்டெசிமல்’ வகையைப் பயன்படுத்துவதோ, தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பதோ இதற்குத் தீர்வு. ஒரு பைசா வேறுபட்டாலும் அன்றைய கணக்கை முடிக்காத மரபில் வளர்ந்த நமக்கு, இப்பாடத்தின் மதிப்பைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தொடக்கநிலை நூல் ‘எப்படி எழுதுவது’ என்று கற்பிக்கிறது. உயர்நிலை நூலோ, ‘பிழையின்றி ஓடும் நிரலும் எங்கே தவறும், ஏன் தவறும்’ என்று கற்பிக்கிறது. கல்லூரியில் இரட்டைப் பதிவு முறையைக் கற்று வந்த நாமும், தணிக்கைக் குறிப்புகளைப் படித்த பின்னரே கணக்கின் நுட்பங்களை உணர்ந்தோம்.

அதே நூலில் மற்றோர் அறிவுரையும் உண்டு. இரு பொருள்கள் சமமா என முடிவு செய்யும் விதியை மாற்றினால், அவற்றின் குறியெண்ணைக் கணிக்கும் விதியையும் உடன் மாற்ற வேண்டும். இல்லையேல், மாதிரிக் கையொப்ப அட்டையை ஓர் இழுப்பறையில் வைத்துவிட்டு வேறோர் இழுப்பறையில் தேடும் நிலை ஏற்படும். அட்டை இருக்கும், கைக்குக் கிடைக்காது.

எனினும் இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இத்தகைய நூல்கள் தொடக்கத்தில் பயன்படா. சில மாதங்களேனும் சொந்தமாக நிரல் எழுதி, இடறி விழுந்தவருக்கே அவற்றின் பக்கங்கள் பேசும். இரண்டாவது, பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். 2001இல் வெளிவந்த முதற்பதிப்பில் 57 அறிவுரைகள் இருந்தன. மூன்றாம் பதிப்பில் அவை 90. முதற்பதிப்பு விரிவாக விளக்கிய ‘ஈனம்’ மாற்று உத்தியை, 2004இல் வந்த ஜாவா 5 மொழியின் உறுப்பாகவே சேர்த்துக்கொண்டது. பழைய பதிப்பு மலிவாகக் கிடைப்பினும், அதில் சில பகுதிகள் காலங்கடந்தவை. மாறாக, நால்வர் இணைந்து எழுதி 1994இல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ ஜாவாவுக்கும் முந்தையது. எனினும் அது கூறும் 23 வடிவமைப்பு முறைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மொழியின் வசதிகள் மாறும். வடிவமைப்பு பற்றிய சிந்தனை நெடுநாள் நிற்கும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் அப்போதைய சிக்கலுக்கு விடை தருகின்றன. நல்ல நூலோ, இனி வரவிருக்கும் சிக்கலை முன்கூட்டியே காட்டுகிறது. எனவே, பெருந்தொகை கோரும் பயிற்சி வகுப்புக்கு மீண்டும் கடன் பெற எண்ணுவோர், முதலில் ஒரு நூலை முழுமையாகப் படித்துப் பார்க்கலாம். வாங்குமுன் நூலகத்தில் தேடுவதும் சிக்கனமே. 1829ஆம் ஆண்டு முதல் இந்நகரில் இயங்கிவரும் பொது நூலகம் பாளையத்தில்தான் உள்ளது.

யாவற்றையும் கேட்டிருந்த தாயார், மகனை நோக்கி ஒரே நிபந்தனை விதித்தார்: “தவணை ஒரு மாசமும் தவறக்கூடாது. மிச்சத்துல வாங்கிக்கோ.” அடுத்த மாதத் தவணை உரிய நாளில் வந்து சேர்ந்தது. நூலும் வாங்கியாயிற்று என்று அந்த இளைஞர் நம்மிடம் தெரிவித்தார்.