லாச்சியில் காசு குறைந்தால் லொக்கைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கடைகளுக்குக் கணினி வேலை செய்து வருகிறேன். மாலையில் கணக்கு முடிக்கும்போது மென்பொருள் சொல்லும் தொகையைவிட லாச்சியில் காசு குறைந்தால், முதலில் சந்தேகிக்கப்படுவது காசாளராக இருக்கும் பிள்ளைதான்.

கல்லடிப் பக்கம் ஒரு மொத்த விற்பனைக் கடையில் 18,400 ரூபாய் குறைந்தது. அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் கழிப்பதென்று முடிவாகியும்விட்டது. மென்பொருள் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் நேரத்தோடு எழுதிவைக்கும் கோப்பே லொக். மாலை 6.32க்கு அதில் எதுவுமில்லை என்றார் முதலாளி. இருக்காதுதான். சேவர் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நாம் 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்கிறோம். ஆகவே 13.02ஐத் தேடினோம்.

13:02:11 பற்றுச்சீட்டு அனுப்பப்பட்டது.
13:02:12 சேவர் ஏற்றுக்கொண்டது.
13:02:41 பதில் வரவில்லை, மீண்டும் அனுப்பப்பட்டது.
13:02:42 சேவர் ஏற்றுக்கொண்டது.

விசயம் இவ்வளவுதான். இணைப்பு அறுந்ததால் சேவரின் பதில் கடைக்கு வந்து சேரவில்லை. கடைக் கணினி 30 செக்கன் காத்திருந்து அதே விற்பனையைத் திரும்ப அனுப்பியது. காசு வந்தது ஒருதரம், கணக்கில் ஏறியது இருதரம். விற்பனைக்கு ஒரு தனி இலக்கத்தைக் கடைக் கணினியே கொடுத்திருந்தால், இரண்டாவதை சேவர் தள்ளியிருக்கும். மென்பொருள் செய்தவர்கள் பிறகு அதைத்தான் செய்தார்கள்.

லொக்கின் அடியில் சிவப்பாகத் தெரியும் கடைசிப் பிழையையே பலர் பிடித்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் விளைவு. மேலே போய், முதலில் எது வழமைக்கு மாறியது என்று பாருங்கள். இங்கே சிவப்பு வரியே இல்லை. மென்பொருளுக்குத் தன் வேலை சரியாக முடிந்ததாகவே நினைப்பு.

பிரித்தானியத் தபால் அலுவலகத்தின் ஹொரைசன் மென்பொருள் காட்டிய பற்றாக்குறைகளை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அம்மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்புகளை ரத்துச்செய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது.

ஆனால் லொக்கில் ஒருவர் பெயர் இருப்பதால் அவரே செய்தார் என்றாகாது. நாலு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பாவிக்கும் கடைகளே இங்கு அதிகம். பழைய லொக்குகள் சில நாட்களில் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருப்பதும் உண்டு. காசு குறைந்த அன்றே அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், காசாளரும் கேட்கலாம்.