குடிநோய்: அறிகுறிகளும் பரிகாரமும்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நாம் அதனை மறைப்பதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றோம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுக்கின்றோம். தணியாவிடின் வைத்தியரிடம் அழைத்துச் செல்கின்றோம். அயலவரும் வந்து சுகம் விசாரித்துப் போவர். அதே வீட்டில் ஒருவர் மதுவுக்கு அடிமையாகிவிட்டாலோ, நடப்பது வேறு. யன்னல்கள் சாத்தப்படுகின்றன. வெளியில் எதுவும் பேசக்கூடாதென்று பிள்ளைகளுக்குக் கட்டளை பிறக்கின்றது. காலையில் எழுந்திருக்க இயலாது கிடக்கும் கணவருக்காக, "அவருக்குச் சுகமில்லை" என்று மனைவியார் கந்தோருக்குக் கடிதம் எழுதி அனுப்புகின்றார். பொய் எழுத நேர்ந்ததே என்று அவர் உள்ளம் கூசுகின்றது. உண்மையில் அவர் எழுதியது பொய்யன்று. கணவருக்குச் சுகமில்லைத்தான். அந்நோயை எவ்வாறு இனங்காண்பது, கண்டபின் யாது செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குடியின் தீமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இலங்கையில் 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் மதுவிலக்கு இயக்கங்கள் பெருங் கிளர்ச்சியாய் எழுந்தன. அறவுரை குடியாதவனைக் காக்கும். குடிக்கத் தொடங்கியவனையும் சிலவேளை தடுத்து நிறுத்தும். குடி பற்றிக்கொண்டவனுக்கோ அறவுரை மட்டும் போதாது. இதனை முதலில் எடுத்துரைத்த வைத்தியர்களுள் ஒருவர், பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிய தோமஸ் ட்ரொட்டர் என்பார். மிதமிஞ்சிய குடிப்பழக்கம் மனத்தைப் பற்றிய நோயென்று 1804இல் வெளியிட்ட நூலில் அவர் வாதித்தார். 1849இல் சுவீடன் நாட்டு வைத்தியர் மக்னஸ் ஹுஸ் அந்நோய்க்கு மருத்துவப் பெயரொன்றைச் சூட்டினார். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது ஏனைய நோய்களோடு இடம்பெற்றுள்ளது.

குடிப்போர் எல்லோரும் நோயாளரோ என்று கேட்பீர்கள். அல்லர். ஆனால், தெருவில் விழுந்து கிடப்பவர் மட்டுமே நோயாளி என்று எண்ணுவதும் தவறு. ஓர் இலிகிதரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவர் கந்தோருக்கு ஒழுங்காகச் செல்பவர். சம்பளத்தை வீட்டிற் கொடுப்பவர். எவரோடும் சண்டைக்குப் போகாதவர். "அவர் எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டார்" என்று நண்பர்கள் புகழ்வர். இப்புகழுரையே முதலாவது எச்சரிக்கை. முன்பு சிறிதளவிலே கிடைத்த மயக்கம் இப்பொழுது இருமடங்கு குடித்தாலன்றிக் கிடைப்பதில்லை. மூளை அந்நஞ்சுக்குப் பழகிவிட்டது என்பதே இதன் பொருள்.

அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 33 பங்கு மதுசாரம் உள்ள சாராயத்தில் 180 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறையக் காற்போத்தல், 47 கிராம் அளவு தூய மதுசாரத்தைக் கொண்டது. ஈரல் ஒரு மணித்தியாலத்தில் எரித்துத் தீர்க்கக்கூடியது ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையே. ஆகவே, இரவு பத்து மணிக்கு முடித்த காற்போத்தலை ஈரல் விடியும்வரை சுமக்கின்றது. அரைப்போத்தல் குடித்தவர் காலையில் முகங்கழுவி வெள்ளுடை உடுத்திக் கந்தோருக்குப் புறப்படும்போதும் அவர் குருதியில் மதுசாரம் இருக்கக்கூடும்.

இரண்டாவது குறி, கட்டுப்பாடு இழத்தல். ஒன்றோடு நிறுத்துவேன் என்று தொடங்குபவர் போத்தலின் அடியைக் கண்ட பின்னரே எழுகின்றார். மூன்றாவது, குடிக்க வேண்டுமென்ற அடங்காத வேட்கை. பின்னேரம் நெருங்க நெருங்க மனம் வேறொன்றிலும் பற்றாது. நான்காவது, குடியாத வேளையில் உடல் படும் பாடு. காலையில் கை நடுங்குகின்றது, தேநீர்க் கோப்பை தளம்புகின்றது, வியர்க்கின்றது, குமட்டுகின்றது, ஒரு வாய் குடித்ததும் எல்லாம் அடங்குகின்றன. ஐந்தாவது, முன்பு விரும்பிய கோயிற் திருவிழா, விளையாட்டு, பிள்ளைகளின் படிப்பு முதலியன ஒவ்வொன்றாய் விலகிப்போதல். ஆறாவது, தீங்கு கண்முன்னே தெரிந்தும் விடமுடியாமை. உலக சுகாதார நிறுவனம் 1992இல் வெளியிட்ட நூல் இந்த ஆறையும் வகுத்து, ஓராண்டுக்குள் மூன்றேனும் ஒருங்கே காணப்படின் அது அடிமைநிலை என்றது. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய பாகுபாடு ஆறையும் மூன்றாகச் சுருக்கியது, கருத்து மாறவில்லை.

இவற்றை நினைவில் வைத்திருத்தல் கடினமெனின், நான்கு கேள்விகள் போதும். அமெரிக்க வைத்தியர் ஜோன் யுவிங் அமைத்து 1984இல் விளக்கி எழுதிய கேள்விகள் இவை. குடியைக் குறைக்க வேண்டுமென்று நீங்கள் எப்போதாவது எண்ணியதுண்டா? உங்கள் குடியைப் பிறர் குறைகூறியபோது எரிச்சல் கொண்டதுண்டா? குடித்ததற்காக மனம் குற்றமாய் உணர்ந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கந் தீரக் குடித்ததுண்டா? இரண்டுக்கு "ஆம்" என விடை வருமாயின் வைத்தியரைக் காண்பது நன்று. இக்கேள்விகளைப் பெண்களும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம். நாணத்தினால் அவர்கள் குடியை இன்னும் ஆழமாய் மறைக்கின்றனர். அதனாலேயே பரிகாரமும் பிந்துகின்றது.

இனி, நான் மிக முக்கியமாகக் கூற விரும்புவது ஒன்றுண்டு. பலமாதங்களாக நாள்தோறும் மிகுதியாய்க் குடித்துவந்த ஒருவர், ஒருநாள் மனந்திருந்திக் கோயிலிற் சத்தியம் செய்து, அன்றே முற்றாக நிறுத்திவிடுகின்றார். அல்லது, சகோதரர்கள் கூடி அவரை அறையில் அடைத்துப் பூட்டிவிடுகின்றனர். இரண்டும் நல்லெண்ணத்தால் விளைந்தவையே. ஆயினும் இரண்டும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

காரணம் இது. மதுசாரம் மூளையை மந்தப்படுத்துவது. நாள்தோறும் மந்தப்படுத்தப்படும் மூளை, அதற்கு எதிராகத் தன்னைத் தானே முடுக்கிக்கொண்டு ஈடுசெய்யப் பழகுகின்றது. மது திடீரென நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் எஞ்சுகின்றது. எதிரே தள்ளுபவன் சட்டென விலகினால் இவன் முன்னோக்கி விழுவதுபோல, மூளை கட்டுக்கடங்காது கொதிக்கின்றது. நிறுத்திய சில மணித்தியாலங்களில் நடுக்கமும் நித்திரையின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் சிலருக்கு அறிவு தடுமாறும், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாய்த் தோன்றும், காய்ச்சலும் வியர்வையும் மிகும், நெஞ்சு படபடக்கும். ஆங்கில வைத்தியர் தோமஸ் சட்டன் 1813இலேயே விவரித்த நிலை இது. நம்மவருட் சிலர் இதனைப் பேய் பிடித்ததெனக் கருதி மந்திரிக்க அழைத்துச் செல்வதுண்டு. அவ்வாறு கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஆபத்தானது. அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

குடியை விடுபவர் எல்லோருக்கும் இந்நிலை வருவதில்லை. ஆனால், காலை நடுக்கம் உடையவரும், முன்னொருமுறை நிறுத்தியபோது வலிப்புக் கண்டவரும் வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. சத்தியம் செய்யட்டும், அது நல்ல துணை. சத்தியம் செய்தபின் வைத்தியரிடமும் செல்லட்டும்.

வைத்தியசாலையில் நடப்பது யாது? மூளையின் கொதிப்பை அடக்கும் மாத்திரைகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறுத்துவர். விற்றமின் பி1 எனப்படும் தயமினையும் ஏற்றுவர். சோற்றைக் குறைத்துக் குடியைப் பெருக்கியவர் உடலில் இச்சத்து வற்றிவிடும். அது வற்றினால் பார்வை தடுமாறும், நடை தளரும், நினைவே நிரந்தரமாய் அழியலாம். 1881இல் கார்ல் வேர்னிக்கே என்ற ஜேர்மானிய வைத்தியர் விவரித்த இந்நோயை, உரிய வேளையில் ஏற்றும் தயமின் தடுக்கவல்லது. நோய் சிறிதாயின் வைத்தியரின் கண்காணிப்பில் வீட்டிலிருந்தே மருந்தெடுக்கலாம்.

உடல் தெளிந்ததும் பரிகாரம் முடிந்துவிட்டதென எண்ணுதல் தவறு. தவறணையும் நண்பர்களும் முன்புபோலவே இருப்பர், மனக்கவலையும் இருக்கும். வேட்கையைத் தணிக்க நல்ட்ரெக்சோன், அகம்புரோசேற் முதலிய மருந்துகள் உதவுகின்றன. இன்னொரு மருந்தின் வரலாறு சுவையானது. டென்மார்க்கில் ஹால்ட், யாக்கொப்சன் என்னும் இருவர் டைசல்பிராம் என்ற பொருளை வயிற்றுப் புழுவுக்கு மருந்தாகுமோவென ஆராய்கையில், அதனைத் தாமே விழுங்கிப் பார்த்தனர். பின்னர் சிறிது மது அருந்தியதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் எடுத்தது. 1948இல் அவர்கள் அதனைக் குடிநோய்க்கு மருந்தென வெளியிட்டனர். குடித்தால் இத்துன்பம் வரும் என்ற அச்சமே நோயாளியைக் காக்கின்றது. ஆகவே, அறிந்து விரும்பி உட்கொள்பவருக்கே அது மருந்து. அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேநீரிலோ கலந்து கொடுத்தால், அறியாது குடிப்பவர் குருதியழுத்தம் வீழ்ந்து உயிரிழக்கவும் கூடும். "இரகசியமாய்க் கொடுங்கள்" என்று விற்கப்படும் தூள்களை நம்பாதீர்கள்.

மருந்தோடு மனிதத் துணையும் வேண்டும். 1935இல் அமெரிக்காவின் அக்றன் நகரிலே, குடியால் நிலைகுலைந்த பங்குத் தரகர் ஒருவரும் அதே நிலையிலிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரும் சந்தித்தனர். ஒருவர்க்கொருவர் பேசிக்கொண்டால் இன்றைக்குக் குடியாமல் இருக்கமுடிகின்றது என்று கண்டனர். பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கம் அவ்வாறே பிறந்தது. 1951இல் அவர்தம் குடும்பத்தாருக்கெனத் தனிச் சங்கமும் தோன்றியது. இன்று இவை பல நாடுகளிற் பரவியுள்ளன.

வீட்டிலுள்ளோர்க்குச் சில வார்த்தைகள். வெறியில் இருப்பவரோடு வாதாடிப் பயனில்லை. தெளிந்திருக்கும் காலைவேளையில், பிறர் முன்னிலையில் அல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "நீர் குடிகாரர்" என்பதைவிட, "நேற்று மகளின் பரிசளிப்பு விழாவுக்கு வருவேன் என்றீர்கள், வரவில்லை" என்பது உள்ளத்தில் தைக்கும். அவர் "போகலாம்" என்று இசையும் அன்றே அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் மனம் மாறிவிடும். மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டாரெனின் எல்லாம் வீணாயிற்றென்று கைவிடாதீர்கள். நீரிழிவு கூடினால் மருந்தை மாற்றுகின்றோம், நோயாளியைத் துரத்துவதில்லை. ஆனால், அவர் கைநீட்டுபவராயின் உங்களதும் பிள்ளைகளதும் பாதுகாப்பே முதன்மையானது. நோய் என்பது அடிக்கு நியாயமாகாது.

செல்லவேண்டிய இடம் தொலைவிலில்லை. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் உண்மையைச் சொன்னால், உளநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பர். அங்கு பரிகாரத்துக்குக் கட்டணமில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

நேயர்களே, "அவருக்குச் சுகமில்லை" என்று கந்தோருக்கு எழுதப்படும் கடிதங்கள் எத்தனையோ வீடுகளில் இன்றும் எழுதப்படுகின்றன. அந்த வார்த்தை உண்மையானது. போய்ச் சேர்ந்த இடமே தவறு. அடுத்தமுறை அதே வார்த்தையை வைத்தியரிடம் சொல்லுங்கள்.