வளைந்து கொடுக்க முடியாத இரத்த அணு

அன்பான ஜெபப் பங்காளர்களே,



தென் ஒடிசாவின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து, கடந்த மழைக்காலத்தில் ஒரு தகப்பன் தன் ஆறு வயது மகளைத் தோளில் சுமந்துகொண்டு நமது மருத்துவமனைக்கு வந்தார். காய்ச்சல் கண்டு நான்காம் நாள். பிள்ளைக்கு நினைவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவள் மரித்துப்போனாள். "வெறும் காய்ச்சல்தானே ஐயா, எப்படி இப்படி ஆயிற்று?" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் இறையியல் படித்தவன், மருத்துவம் அறியேன். பிற்பாடு நமது மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை உங்களுக்கு எழுதுகிறேன்.

இரத்தச் சிவப்பணு ஒரு சிறிய வட்டத் தட்டு போன்றது. குறுக்களவு ஏறக்குறைய 8 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 125-ல் ஒரு பங்கு. மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் பல அதைவிடக் குறுகலானவை. ஆயினும் அணு வளைந்து, நீண்டு, அவற்றுக்குள் நுழைந்து, வெளியே வந்ததும் பழைய வடிவத்தைப் பெறுகிறது. சுமார் 120 நாட்கள் இப்படியே ஓடிப் பிராணவாயுவைச் சுமக்கிறது. விறைத்துப்போன அணுக்களை மண்ணீரல் தன் குறுகிய இடுக்குகளில் சலித்து நீக்கிவிடுகிறது. சிருஷ்டிகருடைய ஞானம் எவ்வளவு ஆச்சரியமானது!

பால்சிபாரம் என்னும் மலேரியாக் கிருமி இந்த அணுவுக்குள் புகுந்து, அதிலுள்ள ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அது உண்டாக்கும் புரதங்கள் அணுவின் மேலுறையை விறைப்பாக்குகின்றன. மேலுறையில் சிறு முடிச்சுகள் எழும்புகின்றன. அவற்றால் அணு இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இதனால் கிருமி மண்ணீரலின் சலிப்புக்குத் தப்பிவிடுகிறது. கடும் நோயில் கிருமி புகாத அணுக்களும் விறைத்துப்போகின்றன. மூளையின் நுண்குழாய்கள் இவ்விதம் அடைபடும்போது நோயாளி நினைவிழக்கிறார். விரல்நுனி இரத்தத்தில் கிருமிகள் குறைவாகத் தெரிந்தாலும் நோய் கடுமையாயிருக்கக்கூடும். ஏனெனில் முதிர்ந்தவை உள்ளே ஒட்டி ஒளிந்திருக்கின்றன.

ஆனால் ஒரு நற்செய்தி உண்டு. அணுவுக்குள் கிருமி வாழ்வது சுமார் 48 மணி நேரம். முற்பாதியில் அணு பெருமளவு மிருதுவாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்ட்டிசுனேட் ஊசிமருந்து இந்த இளம் கிருமிகளையும் கொல்லுகிறது. செத்த கிருமியை மண்ணீரல் அணுவிலிருந்து பிதுக்கி எடுத்துவிட்டு, அணுவைத் திரும்ப இரத்தத்திற்கு அனுப்புகிறது! பழைய கொய்னா மருந்தோ முதிர்ந்த கிருமிகளையே அதிகம் தாக்கும். ஆப்பிரிக்காவின் 9 நாடுகளில் கடும் மலேரியா கண்ட 5,425 பிள்ளைகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், கொய்னா பெற்றவர்களில் 100-க்கு ஏறக்குறைய 11 பேர் மரித்தனர். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 100-க்கு 8 அல்லது 9 பேர்.

எனினும், ஏற்கெனவே விறைத்து ஒட்டிக்கொண்ட அணுக்களை எந்த மருந்தும் உடனே மிருதுவாக்குவதில்லை. ஆகவேதான் காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நமது செவிலியர் கிராமம் கிராமமாய்ச் சொல்லி வருகிறார்கள். உங்கள் காணிக்கைகள் பரிசோதனை அட்டைகளாகவும், மருந்தாகவும், மலைப்பாதையில் ஓடும் ஜீப்புக்கு டீசலாகவும் அங்கே போய்ச் சேருகின்றன.

மகளை இழந்த அந்தக் குடும்பத்திற்காகவும், வரும் மழைக்காலத்தில் பிள்ளைகள் முதல் நாளிலேயே நம்மிடம் கொண்டுவரப்படவும் தயவாய் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்