நகைக்கடனும் நல்ல கல்லூரியும்

ஜூன் மாதத்தில் சங்கங்களின் நகைக்கடன் பதிவேட்டைத் தணிக்கை செய்யும்போதெல்லாம் ஒரு விஷயம் என் கண்ணில் படுகிறது. விதைப்புச் செலவுக்கும் பாவு நூலுக்கும் அடகுக்கு வரும் நகைகளோடு, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்காக வரும் நகைகளும் வருஷந்தோறும் பெருகி வருகின்றன. இக்கடனைத் திருப்பிச் செலுத்தும் வருமானம் எப்போது வரும் என்பதை அங்கத்தினரும் அறியார், சங்கமும் அறியாது.

சென்ற ஆண்டு நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியின் நான்கு பவுன் சங்கிலியோடு வந்திருந்தார். அவருடைய மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறியவள். வெளியூரில் பெயர்பெற்ற தனியார் விடுதிப் பள்ளியொன்றில் அவளைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற மாணவர்களின் படங்களை அப்பள்ளி பேருந்து நிலையத்தில் பெரிய பலகையாக வைத்திருந்ததாம். “அங்கே சேர்த்தால் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிடும் அல்லவா, ஐயா?” என்று கேட்டார். பதிவேட்டைச் சரிபார்ப்பதே என் கடமை. எனினும் வாளாவிருக்க மனம் வரவில்லை.

நம் விவசாயிகளுக்கு ஒன்று தெரியும். பொறுக்கியெடுத்த விதையை ஆற்றுப் பாசன வயலில் விதைத்து, அமோக விளைச்சல் கண்டபின், அதன் பெருமை முழுவதையும் உரக் கடைக்காரர் உரிமை கொண்டாடினால் நாம் ஒப்புவோமா? பெயர்பெற்ற பள்ளிகள் பலவும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே மாணவரைச் சேர்க்கின்றன. தேர்ந்த பிள்ளைகள் தேறுவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு என்பதை அந்த விளம்பரப் பலகை சொல்லாது.

அமெரிக்காவின் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் புகழ்பெற்ற பொதுப்பள்ளிகளைப் பற்றிப் பொருளாதார அறிஞர் மூவர் ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மயிரிழையில் இடம் பெற்றவரையும் மயிரிழையில் இடம் இழந்தவரையும் அவர்கள் ஒப்பிட்டனர். பிற்காலத் தேர்வு மதிப்பெண்ணிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அவை கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் அல்லவென்பது மெய்யே. ஆயினும், புகழ் வேறு பயன் வேறு என்பதற்கு அது தக்க சான்று.

ஆகவே தனியார் பள்ளியால் பயனே இல்லை என்று நான் கூற வரவில்லை. கல்லூரியின் வாயிற்கதவு எப்படித் திறக்கிறது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. நம் மாநிலத்தில் 2007 முதல் 2016 வரை மருத்துவக் கல்லூரி இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே வழங்கப்பட்டன. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் அக்காலத்தில் பெயர் பெற்று விளங்கின. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் உருப்போட வைத்த பள்ளிகள் பல. பொறியியலுக்கு இன்றும் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. அங்கே இடைவிடாத பயிற்சிக்கு மதிப்பு உண்டு.

மருத்துவத்துக்கோ 2017-இல் ‘நீட்’ தேர்வு வந்தது. இத்தேர்வின் விளைவை ஆராய அரசு அமைத்த ஏ. கே. ராஜன் குழு 2021-இல் கூறியதைக் கவனியுங்கள். மருத்துவத்தில் சேர்ந்தவர்களுள், முன்னர் ஒருமுறை தேர்வெழுதி மீண்டும் முயன்றவர்கள் 2016-17-இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21-இல் 71 பேர். அதாவது, இரண்டு வருஷப் பள்ளிச் சம்பளத்தோடு செலவு முடிவதில்லை. பிளஸ் டூவுக்குப் பின் ஓராண்டோ ஈராண்டோ பயிற்சி நிலையத்துக்கும் கட்ட வேண்டும். அப்போது அடகு வைக்க வீட்டில் எந்த நகை மிஞ்சும்?

இனி, நம் அங்கத்தினரில் பலர் அறியாத ஒன்று. 2019-இல் அரசுப் பள்ளி மாணவர் 6 பேரே எம்.பி.பி.எஸ். இடம் பெற்றனர். 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கச் சட்டம் செய்யப்பட்டது. அவ்வாண்டே 300-க்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்கெனக் கிடைத்தன. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிக்கப்பட்டது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணைப் பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஐந்தாண்டு சேர்த்து வைத்த உரிமையைப் பணமும் கொடுத்துத் தொலைத்ததாகும். அரசு உதவி பெறும் பள்ளியும் இக்கணக்கில் சேராது.

அங்கத்தினர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்னது நியாயமான பேச்சு. வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் பாதி குழித்தறி. விடியற்காலை முதல் இரவு வரை தறிச் சத்தம். விடுதியில் சேர்த்தால் பெண் அமைதியாகப் படிப்பாளே என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. நகரத்தில் வசிக்கும் உத்தியோகஸ்தன் இதை எளிதில் மறந்துவிடுகிறான். பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குச் சென்று, பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டு வாருங்கள், கடன் மனு எங்கும் போய்விடாது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் வந்தார். மற்ற இரண்டுக்கும் ஆசிரியர் உண்டு, பௌதிக ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதாம். நான்கு பவுன் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு, அரைப் பவுன் மோதிரம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் பாடம் சொல்ல இசைந்திருக்கிறாராம். அதற்கான சம்பளத்துக்கும் மகளுக்கு ஒரு சைக்கிளுக்கும் அந்தக் கடன் போதும் என்றார். காரணப் பத்தியில் “கல்விச் செலவு” என்று எழுதிக் காரியதரிசி மோதிரத்தைத் தராசில் வைத்தார்.