புகைபோக்கியின் முதுகில் ஒரு குட்டிக் கூரை

தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் திட்டமிடப்பட்ட இடம் என்ற வகையில் இதன் பெயரைச் செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருக்கலாம். நாம் இப்போது பார்க்கப்போவது அந்த ஆய்வகத்தை அன்று. ஊருக்கு மேற்கே நிற்கும் மலைமுகட்டை. அந்த முகட்டின் கிழக்குச் சரிவில் விழும் மழைத்துளி வைகைப் படுகைக்கு வருகிறது. ஒரு முழம் தள்ளி மேற்குச் சரிவில் விழும் துளியோ கேரளத்தின் வழியாக அரபிக் கடலுக்குப் போய்விடுகிறது. மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்பப் பெரியாறு அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் தேவைப்பட்டன. 1895இல் அந்த வேலை முடிந்த கதை கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோரும் அறிந்ததே. நீரைப் பிரிப்பதில் ஒரு முகட்டுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அதே முகட்டை ஒரு முழ உயரத்துக்கும் குறைவாகச் செய்து ஓட்டுக்கூரையின் மேல் வைத்தால் என்ன ஆகும்? கூரை ஒழுகுவது நிற்கும். ஆங்கிலம் பேசும் கட்டடக் கலைஞர்கள் இதற்குக் 'கிரிக்கெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிலர் 'சேணம்' என்றும் சொல்வார்கள். மட்டையையும் பந்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் இதைக் 'குட்டிக் கூரை' என்றே அழைப்போம்.

பொட்டிப்புரத்துக்கு மேலே, மலை ஏறிச் சென்றால் ஏலக்காய்த் தோட்டங்கள். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி இத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பறித்த பச்சை ஏலக்காயில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். அதைச் சுமார் 10 முதல் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகவே உலர்த்தும் கட்டடங்கள் இருக்கின்றன. பழைய முறைக் கட்டடத்தின் ஒரு பக்கத்தில் விறகு எரியும் உலை. அதன் சூடான புகை இரும்புக் குழாய்கள் வழியாக அறைக்குள் சுற்றிவந்து, கடைசியில் புகைபோக்கி வழியாக வெளியேறும். புகை காயின்மேல் படாது. குழாயின் சூடு மட்டும் அறையை 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கும். தட்டுகளில் பரப்பிய காய் ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ அங்கேயே இருந்து, பச்சை நிறம் கெடாமல் உலரும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஏலக்காய் அறுவடை ஏறக்குறைய ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீள்கிறது. அதாவது தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும் மாதங்களில்தான் உலை எரிகிறது. புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் ஒழுக்கு இருந்தால், உலர்ந்த காயின்மேல் கரிநீர் சொட்டும். ஒரு கூடை காய் பூசணம் பிடித்தால் அதில் எத்தனை பேருடைய உழைப்பு போகும் என்பதை எண்ணிப் பாருங்கள். கீழே ஊர்களில் உள்ள பழைய ஓட்டு வீட்டு அடுக்களைகளிலும், விறகு அடுப்பு வைத்த ரொட்டிக் கடைகளிலும் இதே தொல்லைதான்.

ஏன் அந்த இடத்தில் மட்டும் ஒழுகுகிறது?

ஓட்டுக்கூரை நீர் புகாத பானை போன்றது அன்று. மேல் ஓடு கீழ் ஓட்டின்மீது சில சென்டிமீட்டர் படிந்திருக்கிறது, அவ்வளவே. ஓடிக்கொண்டிருக்கும் நீரை அது கீழே அனுப்பிவிடும். தேங்கி நிற்கும் நீரை அதனால் தடுக்க முடியாது. புகைபோக்கியோ சரிவின் நடுவில் சுவர்போல் நிற்கிறது. மேலிருந்து வரும் நீர் அதன் முதுகில் மோதி நிற்கிறது. நீர் நின்றால் அது கொண்டுவந்த சருகும் மண்ணும் அங்கேயே படியும். அடுத்த மழையில் அந்தச் சருகே ஒரு சிறு அணையாகிவிடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். புகைபோக்கியின் அகலம் 1 மீட்டர் என்க. அதற்கு மேலே முகடு வரை, கிடைமட்டத்தில் அளந்தால், 4 மீட்டர் தூரம் என்க. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை என்றால், 4 சதுர மீட்டரிலிருந்து 200 லிட்டர் நீர் ஒரு மணி நேரத்தில் புகைபோக்கியின் முதுகுக்கு வந்து சேரும். பன்னிரண்டு, பதின்மூன்று குடம் தண்ணீர்! கூரையின் சாய்வு 30 டிகிரியாக இருந்து, அங்கே 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால், அது ஓட்டின்மேல் 8 சென்டிமீட்டர் பின்னோக்கி ஏறி நிற்கும் (4ஐ சைன் 30ஆல் வகுத்துப் பாருங்கள்). ஓட்டின் படிமானத்தைத் தாண்ட இது போதும்.

"சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டால் போகிறது" என்று சிலர் நினைக்கிறார்கள். வழக்கமாகச் செய்வதும் அதுதான். வழக்கமாகத் தோற்பதும் அதுதான். புகைபோக்கியின் செங்கல் ஒரு வகையில் விரிகிறது. கூரையின் மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்குகிறது. 1 மீட்டர் நீள இரும்புத் தகடு 30 டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. இவற்றுக்கிடையே பூசிய சிமெண்டால் வளைந்துகொடுக்க இயலாது. ஆகவே மயிரிழைபோல் வெடிக்கிறது. இங்கே நுண்புழை ஏற்றம் வேலையைக் காட்டத் தொடங்குகிறது. 0.3 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள விரிசல் நீரைச் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தானாகவே மேலே இழுக்கவல்லது. நீர் மேலிருந்து கீழேதான் போகும் என்பது விரிசலுக்குப் பொருந்தாது.

எனவே நீரைத் தடுத்து நிறுத்த முயல்வதைவிட, அதை நிற்கவே விடாமல் அனுப்புவது அறிவுடைமை. ஆற்றுப் பாலங்களின் கல்தூண்களைப் பாருங்கள். வெள்ளம் வரும் பக்கத்தில் பலவற்றைக் கூராகக் கட்டியிருப்பார்கள். குட்டிக் கூரையும் அப்படித்தான். புகைபோக்கியின் மேற்பக்க முதுகிலிருந்து ஒரு சிறு முகடு மட்டமாகப் பின்னோக்கிச் சென்று பெரிய கூரையில் முட்டி முடிகிறது. அதன் இரு சரிவுகளும் நீரை இடமும் வலமும் தள்ளிவிடுகின்றன.

அதன் அளவை எப்படிக் கணக்கிடுவது? இதில் அழகான வடிவியல் ஒன்று ஒளிந்திருக்கிறது. குட்டிக் கூரையின் சாய்வும் பெரிய கூரையின் சாய்வும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கியின் அகலத்தில் பாதியைச் சாய்வின் டேஞ்சென்ட்டால் பெருக்கினால் முகட்டின் உயரம் கிடைக்கும். 90 சென்டிமீட்டர் அகலம், 30 டிகிரி சாய்வு என்றால் 45 × 0.577, அதாவது 26 சென்டிமீட்டர். இந்த முகடு எவ்வளவு தூரம் பின்னே போனால் பெரிய கூரையைத் தொடும்? பெரிய கூரையும் அதே சாய்வில்தான் உயர்கிறது. ஆகவே 26 சென்டிமீட்டர் உயர அதற்கும் 45 சென்டிமீட்டர் தேவை. சாய்வு எதுவானாலும் முகட்டின் நீளம் அகலத்தில் சரிபாதி! மேலிருந்து பார்த்தால் குட்டிக் கூரை ஓர் இருசமபக்கச் செங்கோண முக்கோணம். இரண்டு கூரைகளும் சந்திக்கும் பள்ளக்கோட்டைக் கூடல்வாய் என்பார்கள். அது 45 டிகிரி கோணத்தில் குறுக்காக ஓடுவதால், அதன் சாய்வு பெரிய கூரையின் சாய்வைவிடக் குறைவு. டேஞ்சென்ட்டை 1.414ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 30 டிகிரிக் கூரையில் கூடல்வாய் சுமார் 22 டிகிரி சாய்வுடையது. நீர் நிற்காமல் ஓட இது தாராளம்.

எல்லாப் புகைபோக்கிக்கும் இது வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவின் வீட்டுக் கட்டுமான விதித் தொகுப்பு, முகட்டுக்கு இணையான அகலம் 30 அங்குலத்துக்கு மேல் (சுமார் 76 சென்டிமீட்டர்) உள்ள புகைபோக்கிகளுக்கே இதைக் கட்டாயமாக்குகிறது. புகைபோக்கி முகட்டிலேயே வெளிவந்தால் அதற்கும் விலக்கு. மேலே கூரை இல்லை, நீரும் இல்லை. ஒல்லியான உருண்டைக் குழாயைச் சுற்றி நீர் தானே வழுக்கிப் போய்விடும். அதற்குச் சட்டைக் கழுத்துப் பட்டைபோல் ஒரு தகட்டு வளையம் போதும்.

கட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசாரி மரச் சட்டம் அமைத்து, அதன்மேல் துத்தநாகம் பூசிய தகட்டைப் போர்த்துவார். கூடல்வாய்த் தகடு இருபுறமும் ஓடுகளுக்கு அடியில் 15 சென்டிமீட்டராவது நுழைந்திருக்க வேண்டும். விரிசல் இழுக்கும் 5 சென்டிமீட்டரை நினைவில் கொள்ளுங்கள். புகைபோக்கியை ஒட்டி நிமிரும் தகட்டைச் செங்கலோடு ஆணி அடித்துப் பிணைக்கக் கூடாது. கொத்தனார் செங்கல் இடுக்கைக் கீறி, வேறொரு தகட்டை அதில் செருகி, முதல் தகட்டின்மேல் மடித்துத் தொங்கவிடுவார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். விரியட்டும், சுருங்கட்டும், நீருக்கு வழி கிடைக்காது. மரச் சட்டத்துக்கும் சூடேறும் புகைபோக்கிக்கும் இடையே 5 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு, அதைத் தகட்டால் மட்டும் மூட வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட மரம் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தி. ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், மழைக்காலத்தில் புகைபோக்கியின் வாயையே சாக்காலும் தகரத்தாலும் மூடிவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே உலை கனன்றுகொண்டிருந்தால் இது கொலைக்குச் சமம். காற்றுப் போதாமல் எரியும் விறகிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும். இரவில் உலையைக் காத்துக்கொண்டு அருகிலேயே படுத்திருப்பவருக்கு முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூக்கம் என்றே அவர் நினைப்பார். வாய் வழியாக மழை விழுவதைத் தடுக்க வேண்டுமானால் கால்கள் வைத்த தொப்பி போடலாம். 20 சென்டிமீட்டர் சதுர வாய்க்குப் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். தொப்பியை 5 சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் நான்கு பக்கத் திறப்பும் சேர்ந்து அதே 400 ஆகும். கரி படிந்து அடைவதையும் கருதி 10 சென்டிமீட்டர் வைப்பதே நல்லது.

நனைந்த புகைபோக்கியும் நல்லதன்று. செங்கலில் ஊறிய 1 லிட்டர் நீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய 160 கிராம் உலர்ந்த விறகு தரும் வெப்பம் அது. குளிர்ந்த புகைபோக்கியில் புகை மேலேற மறுத்து அறைக்குத் திரும்பும்.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் பலகையின் ஒரு முனையை 30 சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். சாய்வு 30 டிகிரி. நடுவில் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகரப் பெட்டியை, அதன் முதுகு செங்குத்தாக நிற்கும்படி, களிமண்ணால் ஒட்டுங்கள். சிறிது காய்ந்த சருகுத்தூளைத் தூவி, மேலிருந்து மைகலந்த நீரை ஊற்றுங்கள். பெட்டியின் முதுகில் குளம் கட்டுவதைக் காண்பீர்கள். இப்போது ஒரு தடித்த அட்டையில் 13.9 சென்டிமீட்டர் அடிப்பக்கமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இருசமபக்க முக்கோணத்தை வெட்டி, மெழுகு தேய்த்து, உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவுக்கு மடியுங்கள். மடிப்பு மேலே இருக்க, அடிப்பக்கம் பெட்டியைத் தொட வையுங்கள். மூன்று ஓரங்களும் இடைவெளியின்றிப் பொருந்தும். 13.9 எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். 12ஐ காஸ் 30ஆல் வகுத்தால் விடை கிடைக்கும்; ஏன் வகுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

சோதனை பலகையோடு இருக்கட்டும். உண்மைக் கூரைமேல் நீங்கள் ஏற வேண்டாம். பாசி பிடித்த ஓடு வழுக்கும். ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். மின்கம்பி அருகில் போகலாம். பழகிய ஆசாரிகூட வெயில் காய்ந்த நாளில், உலை அணைந்து ஆறிய பிறகு, கைமரங்களின் குறுக்கே ஏணியைப் படுக்கவைத்து அதன்மேல்தான் நடப்பார். ஆண்டுக்கு இருமுறை, ஆனிச் சாரலுக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும், அவரைக் கொண்டு கூடல்வாயிலுள்ள சருகை அள்ளச் சொல்லுங்கள்.