காற்று எங்கே போகிறது?

குருவிகுளம் பக்கத்துக் கரிசல் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்பது அரிது. டர்போ சார்ஜர் அப்படியில்லை. மக்காச்சோள மூட்டை ஏற்றிச் சங்கரன்கோவிலுக்குப் போகும் பிக்கப் வண்டியில் அது இருக்கிறது. அறுவடைக் காலத்தில் வந்து இறங்கும் பெரிய இயந்திரங்களில் இருக்கிறது. கோவையிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் வரும் இளைஞர், எஞ்சினின் கணினி நிரலை மாற்றி வேகம் கூட்டி வைத்திருக்கும் சிறிய காரிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கோளாறு வரும்: “அண்ணாச்சி, பிக்கப்பே இல்ல. மிதிச்சாலும் இழுக்க மாட்டேங்கு.” பெரும்பாலும் ஒரே மாதிரிப் பதிலும் கிடைக்கும்: “டர்போ போச்சு. மாத்திரணும்.”

அந்தப் பதிலை உடனே நம்பிவிடக் கூடாது. புது டர்போ வாங்கி மாட்டப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். மானாவாரியில் உளுந்தும் பருத்தியும் போடும் சம்சாரிக்கு அது ஒரு பருவத்து வெள்ளாமைப் பணம். அவ்வளவும் செலவழித்த பிறகு வண்டி பழையபடியே முக்கினால், கோளாறு முதலிலிருந்தே டர்போவில் இல்லை என்று அர்த்தம். பல நேரங்களில் அது ஒரு ரப்பர் குழாயிலோ, தளர்ந்துபோன கிளாம்பிலோ இருந்திருக்கும்.

எஞ்சின் அடிப்படையில் ஒரு காற்று பம்பு. ஒரு லிட்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 1,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. உள்ளே வந்த காற்றுக்கு ஏற்ற அளவுதான் எரிபொருளை எரிக்க முடியும். ஆகவே கூடுதல் திறன் வேண்டுமென்றால் கூடுதல் காற்று வேண்டும். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. சிறிய கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைக்கூடத் தொடும். பெரும்பாலான டர்போக்களில் அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்தபடி சுழல்கிறது.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காட்டியவர் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ். 1918இல் அவர் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினைப் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கு மேலே, கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். கடல்மட்டத்தில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், காற்று மெலிந்த அந்த உயரத்தில் 230க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. எஞ்சின் அதேதான். மாறியது காற்றின் அளவு ஒன்றே.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில்நுட்பம் அந்நியமானதல்ல. சென்னையை அடுத்த பையனூரில் டர்போக்களையே தயாரிக்கும் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982இல் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார் பந்தயத் தடம் இருக்கிறது. 2010இல் தொடங்கிய போலோ கோப்பைப் பந்தயங்களில் முதலில் டர்போ டீசல் கார்களே ஓடின. அதே ஊரில் உள்ள ஹூண்டாய் ஆலையில் தயாராகும் ஐ20 என் லைன், 998 சிசி எஞ்சினில் 120 குதிரைத்திறனை எடுக்கிறது. இப்படிப்பட்ட கார்களைத்தான் நம் இளைஞர்கள் வாங்கி, மேற்கொண்டும் மாற்றுகிறார்கள்.

பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், குறைகிறது என்று சொல்லும்போது முதலில் எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். டாஷ்போர்டில் தனியாக மாட்டிய மீட்டர், வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தம் என்று காட்டும். எஞ்சின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் தெரிவது பெரும்பாலும் முழு அழுத்தம். வெளிக்காற்றின் அழுத்தமும் அதில் சேர்ந்திருக்கும். ஸ்கேனரில் 1.5 பார் என்று வந்தால் மீட்டரில் 0.5 பார் என்றுதான் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, ஒரு பார் காணாமல் போய்விட்டதாகப் பதறுபவர்கள் உண்டு.

அழுத்தத்தை அளக்கும் சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். குருவிகுளத்தில் அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதே கார் ஊட்டியில் நின்றால் 77 அளவில் காட்ட வேண்டும். நின்ற வண்டியில் 85 என்றோ 115 என்றோ காட்டினால், மற்ற எதையும் கழற்றுமுன் அந்தச் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

பழுது பார்ப்பவர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. இக்கால எஞ்சினில் பூஸ்ட் தானாக ஏறி இறங்குவதில்லை. கணினி இவ்வளவு வேண்டும் என்று கேட்கிறது. வந்த அளவைச் சென்சார் சொல்கிறது. குறைந்தால் கணினி டர்போவை இன்னும் வேகமாகச் சுழல வைக்கிறது. புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவை இறுக மூடுவதன் மூலம் அது இதைச் செய்கிறது. ஆக, குழாயில் சிறு துளை விழுந்தால் முதலில் பூஸ்ட் எண்ணில் எதுவும் தெரியாது. டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று கசிவை ஈடுகட்டிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் எஞ்சின் 3,000 சுற்றில், ஒரு பார் பூஸ்டில் நிமிடத்துக்குச் சுமார் 3 கிலோ காற்றை விழுங்கும். அந்த அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை வழியாக வெளியேறுவது அதில் ஏறத்தாழ 5 சதவீதம். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. துளை 6 மில்லிமீட்டர் ஆனால் பரப்பு நான்கு மடங்கு. கசிவு 20 சதவீதம். இப்போது வேஸ்ட்கேட் முழுக்க மூடியும் போதவில்லை. அப்போதுதான் கணினி கையை விரிக்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0299 என்ற பூஸ்ட் குறைவுக் குறியீடு விழுகிறது. அதற்குள் பல மாதங்கள் தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்ற டர்போவின் தண்டும் தேய்ந்திருக்கும். மெக்கானிக் அதைக் கழற்றி ஆட்டிப் பார்த்து, “பாத்தியளா, டர்போதான்” என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. குழாயை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

அதனால் பூஸ்ட் எண்ணை மட்டும் பார்க்காமல், கணினி கேட்ட அளவு, கிடைத்த அளவு, வேஸ்ட்கேட்டுக்குப் போகும் கட்டளை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆடு மாடு குறுக்கே வரும் ஊர்ச்சாலையில் இதைச் செய்யாதீர்கள். உருளைமேல் காரை நிறுத்தி ஓட்டும் டைனோ இருக்கும் இடத்தில் செய்யுங்கள். கேட்ட அளவே குறைவாக இருந்தால் குழாயையும் டர்போவையும் தொட வேண்டியதில்லை. கணினி ஏன் தயங்குகிறது என்பதுதான் கேள்வி. மாற்றிய கார்களில் இதற்குப் பெரும் காரணம் பெட்ரோல். உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென்று நிரலை எழுதி வாங்கிவிட்டு, ஊருக்கு வரும் வழியில் கிடைத்த பங்கில் சாதாரண பெட்ரோலை நிரப்பினால், எஞ்சினுக்குள் ‘நாக்’ எனும் தட்டல் தொடங்கும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் சென்சார் தகவல் சொல்ல, எஞ்சினைக் காப்பாற்றக் கணினி பூஸ்டைக் குறைக்கும். அது தன் கடமையைத்தான் செய்கிறது.

கேட்டது அதிகம், கிடைத்தது குறைவு என்றால் பூஸ்ட் எந்த விதத்தில் குறைகிறது என்று பாருங்கள். அழுத்தத்தால் இயங்கும் வேஸ்ட்கேட்டில் ஒரு ஸ்பிரிங் உண்டு. கணினியின் தலையீடு இல்லாவிட்டால் அந்த ஸ்பிரிங் தாங்கும் அளவோடு பூஸ்ட் நின்றுவிடும். எந்த கியரிலும் எந்த வேகத்திலும் 0.5 பார் என்று ஒரே எண்ணில் போய் நின்றால், கசிவைவிட வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வின்மீது சந்தேகப்படுவதே நியாயம். தாமதமாக ஏறி, உயர் சுற்றில் தளர்ந்தால் கசிவோ அடைப்போ இருக்கலாம். காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போது மட்டும் தடுமாறினால், காற்றைத் திருப்பி விடும் வால்வின் கிழிந்த சவ்வைப் பாருங்கள். பகட்டுச் சத்தத்துக்காக வெளியே காற்றை விடும் மலிவான வால்வு மாட்டியிருந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

வண்டிக்கு வண்டி அமைப்பு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. அழுத்தத்தால் இயங்கும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாய் கழன்றால் கதவு திறக்காமலே போய், பூஸ்ட் ஆபத்தான அளவுக்குக் கூடும். பல டீசல் வண்டிகளில் வெற்றிடத்தால் டர்போவுக்குள் புகையைத் திருப்பும் இறகுகளை அசைக்கிறார்கள். அங்கே அதேபோன்ற ஒரு மெல்லிய குழாய் வெடித்தால் பூஸ்ட் குறையும். ஒரே மாதிரிக் குழாய், நேர் எதிரான விளைவு. புதிய சிறு எஞ்சின்கள் பலவற்றில் மின்மோட்டாரே அந்தக் கதவை அசைக்கிறது. அங்கே குழாயைத் தேடிப் பயனில்லை.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரும் சோப்புத் தண்ணீரும் போதும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, டர்போவின் வாயை டயர் வால்வு பொருத்திய ஒரு மூடியால் அடைத்து, எஞ்சின் நிற்கும்போது அழுத்தமானியைப் பார்த்தபடி மெல்ல அரை பார் வரை காற்றை ஏற்றுங்கள். எஞ்சினின் மூச்சுக் குழாயை முதலில் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று அந்த வழியே கிரேங்க் அறைக்குப் போய் எண்ணெய் சீல்களைக் கெடுக்கும். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினால், நுரை கிளம்பும் இடம் கசியும் இடம். டர்போவில் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, இரண்டு குழாய் உரசும் அடிப்பக்கம், மாற்றி மாட்டிய சிலிக்கோன் குழாயின் கிளாம்ப் ஆகியவை கண்ணுக்கு எளிதில் படாதவை. எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கும் இடம் பாதி விடையைச் சொல்லிவிடும்.

கரிசல் காட்டுக்கென்று தனியாக ஒரு பிரச்சினை உண்டு. கோடையில் இந்த மண் தூளாகிப் பறக்கும். கம்பெனி தந்த ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, போனட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டுவது மாற்றியமைப்பவர்களின் முதல் வேலை. அதனால் டர்போவுக்கு எஞ்சினின் சூட்டுக் காற்றும் தூசியும் சேர்ந்தே போகின்றன. இரண்டு லட்சம் சுற்றில் சுழலும் சக்கரத்தின் விளிம்பை நுண்மணல் அரித்துவிடும். விளிம்புக்கும் உறைக்கும் இடையே இடைவெளி கூடினால் அமுக்கும் திறன் போய்விடும். இந்தப் பக்கம் ஓட்டும் வண்டிக்குக் கம்பெனிப் பெட்டியும் தாள் ஃபில்டருமே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சூட்டுக்கும் கணக்கு உண்டு. 38 டிகிரி வெயிலில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், சாதாரண டர்போவிலிருந்து அது ஏறத்தாழ 135 டிகிரியில் வெளிவரும். இன்டர்கூலர் அதை 55 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 24 சதவீதம் கூடும். பெரிய இன்டர்கூலர் மாட்டியபின் மீட்டரில் பூஸ்ட் சற்றுக் குறைந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், உள்ளே போகும் காற்றின் எடை கூடியிருக்கலாம். எஞ்சினுக்கு வேண்டியது எடைதான்.

புகை போகும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்டால் டர்போவைச் சுழற்ற வேண்டிய விசை வழியிலேயே போய்விடும். அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். டர்போவுக்குப் பின்னால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ, பிஎஸ்6 டீசலில் துகள் வடிகட்டியோ அடைத்துக்கொண்டால் புகை வெளியேற முடியாமல் சக்கரம் மந்தமாகும். அடைப்பு என்றதும் அதை வெட்டி எறிந்துவிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தை விடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் டிவிஎஸ் ஐம்பதில் வருபவர்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டர்போவைக் கழற்ற வேண்டும். தண்டு பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆடுவது இயல்பு; எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் கையில் உணரும்படி ஆடினாலோ, சக்கரம் உறையில் உரசிய தழும்பு இருந்தாலோ அது முடிந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணெய் வரும் மெல்லிய குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய எண்ணெயால் அது அடைத்திருந்தால் புதிய டர்போ சில நிமிடங்களில் வறண்டுவிடும். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி, பழைய சக்கரத்தின் உலோகத் துணுக்குகளை வெளியேற்றுங்கள். எஞ்சினை உயிர்ப்பிக்குமுன் டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெயை ஊற்றிக் கையால் சுழற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள்.